கடலடிக் கேள்விகள்: மூத்தவரைத் திருத்துவது எப்படி?

கேள்வி: ஆறு வருடங்களாகக் கல்கிசையில் சுழியோடல் படிப்பிக்கிறேன். பயிற்றுவிப்பாளராக வரப்போகிறவர்களைப் பழக்கி மதிப்பிடும் ஸ்டாஃப் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி முடித்த கையோடு, வருகிற சீசனுக்கு மூன்று பயிற்றுவிப்பாளர்களை முதலாளி என் பொறுப்பில் விட்டிருக்கிறார். இருவர் புதியவர்கள். மூன்றாமவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்ற நான் பழகியதே அவரிடம்தான். அவர் மாணவர்களை அவசரப்படுத்துகிறார். எப்படிச் சொல்வது?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: தம்பி, அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். தண்ணீருக்குள் நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள்?

இதே பயிற்சியில் நான் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான். கொழும்பில் ஒரு நீச்சல் தடாகம். பயிற்றுவிப்பாளராக வரப்போகிற பொடியன் ஒருவன் மாஸ்க் கழற்றி மாட்டும் பாடத்தை நடத்துகிறான். மாணவர்களாக நடிப்பது அவனோடு படிக்கிறவர்கள். வழக்கப்படி, பாடம் தொடங்குமுன் அவர்களில் ஒருத்தியிடம் ‘பாதியில் பயந்து மேலே கிளம்பு’ என்று சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தேன். அவள் கிளம்பினாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கோ வருடக்கணக்கான பழக்கம். கை தானாக நீண்டு அவளைப் பிடித்து இறக்கிவிட்டது. மேலே வந்ததும் என்னைப் பழக்கியவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அவன் எத்தனை செக்கனில் கண்டுபிடித்தான்?” கண்டுபிடிக்க நான் எங்கே விட்டேன்? அவனுக்குப் புள்ளி போட என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

தடாகத்தில், நடிக்கிற பிழைக்கு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். கடலில் உண்மையான மாணவர் என்றால் அந்தக் கதையே வேண்டாம்; முதலில் ஆளைப் பிடியுங்கள். மற்றபடி மாணவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே நில்லுங்கள். படிப்பிக்கிறவரின் கண் எங்கே போகிறது, கை எட்டும் தூரத்தில் மாணவர் இருக்கிறாரா, இதைத்தான் எழுத வேண்டும். ‘அவசரப்படுத்துகிறார்’ என்பது குறிப்பு அல்ல, முறைப்பாடு.

இனி உங்கள் அண்ணை. அவர் எந்தப் பாடத்தில் அவசரப்படுகிறார் என்று பாருங்கள். அவசர நீச்சல் ஏற்றத்தில்தான், அதாவது சிலிண்டரில் காற்று தீர்ந்தால் மேலே வரப் பழகும் பாடத்தில்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன். 6 முதல் 9 மீற்றர் ஆழத்திலிருந்து மாணவர் ஒரே மூச்சில், மூச்சை அடக்காமல் வெளியே விடுவதற்காக ‘ஆ’ என்று சத்தம் போட்டுக்கொண்டே, மெதுவாக மேலே வர வேண்டும். ஒவ்வொருவராகத்தான் வரலாம், பயிற்றுவிப்பாளர் ஒவ்வொருவரையும் பிடித்தபடி கூடவே வர வேண்டும். எட்டு மாணவர் என்றால் எட்டுத் தடவை ஏறி இறங்குகிறார். காதுக்கும் நல்லதல்ல, உடம்பில் சேர்ந்த நைதரசன் ஒழுங்காக வெளியேறுவதற்கும் நல்லதல்ல. ஏழாவது பிள்ளையை அவர் விறுவிறென்று இழுத்து வந்தால் அது குணமா, களைப்பா?

களைப்பென்றால் வகுப்பைப் பிரியுங்கள். பாதிப் பேரைப் புதியவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். கடலில் எட்டு மாணவருக்கு ஒரு பயிற்றுவிப்பாளர் என்பது உச்ச வரம்பு. அந்த எண்ணை ஒவ்வொரு நாளும் நிரப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலாளி முகம் சுளிப்பார். அந்தச் சண்டையை அண்ணையோடு போடாமல் முதலாளியோடு போடத்தான் உங்களை இந்த இடத்தில் வைத்திருக்கிறது. (முதலாளிமார் இதை வாசித்தால் என்னைத் திட்டட்டும், பழகிவிட்டது.)

சொல்ல வேண்டியதைப் படகில் சொல்லாதீர்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினால் நல்ல வார்த்தையும் ஏச்சு மாதிரித்தான் கேட்கும். கரையில், சாமான்களை நல்ல தண்ணீரில் அலசும்போது கதையுங்கள். இரண்டு பேருக்கும் கையில் வேலை இருக்கும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. “அண்ணை, கடைசியாக வந்த பிள்ளையின் சத்தம் உங்களுக்குக் கேட்டதா?” அவ்வளவு போதும். கேட்கவில்லை என்றால் அவருக்கே விளங்கும். இருபது வருடம் படிப்பித்தவருக்கு நீங்கள் பாடப்புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

முத்துக்குளித்த காலத்தில் மேலே நின்று கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று சொல்லுவார்கள். தங்கச்சியின் தாலி அவன் கையில் அல்லவா? கயிறு ஒருமுறை அசைந்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும். மேற்பார்வை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது படிவம் நிரப்புகிறவர் அல்ல, அந்த மச்சான்தான்.

கேள்வி: மகன் சுழியோடப் படித்து ‘கோர்ஸ் டைரக்டர்’ ஆகப் போவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறான். எத்தனை மாதப் படிப்பு?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அது மாதக் கணக்கில் அடங்காது. சுழியோடல் சான்றிதழ் கொடுக்கும் பாடி (PADI) அமைப்பின் வழியில் போனால் முதலில், பயிற்றுவிப்பாளருக்கு உதவுகிற டைவ்மாஸ்டர். பயிற்றுவிப்பாளர் பரீட்சைக்கு 18 வயதும், பதிவேட்டில் 100 டைவும் வேண்டும். பிறகு ஐந்து சிறப்புப் பாடங்களைப் படிப்பிக்கும் தகுதியும், 25 பேருக்குச் சான்றிதழ் கொடுத்த கணக்கும். அதற்கு மேல்தான் ஸ்டாஃப் இன்ஸ்ட்ரக்டர். மாஸ்டர் இன்ஸ்ட்ரக்டராக அந்தக் கணக்கு 150 ஆக வேண்டும். பயிற்றுவிப்பாளர்களை உருவாக்குகிற கோர்ஸ் டைரக்டர் அதற்கும் மேலே. இப்போதைக்கு டைவ்மாஸ்டர் படிப்புக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஒரு சீசன் சிலிண்டர் தூக்கட்டும். அதற்குப் பிறகும் இதே ஆசை இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மே மாதம் மேற்குக் கடல் கலங்கிவிடும். புதிய பயிற்றுவிப்பாளர்களை அது தெளியும்வரை சும்மா வைத்திருப்பதா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஏன் சும்மா? தடாகம் இருக்கிறது. கடல்தான் வேண்டுமென்றால் திருகோணமலைக்குக் கூட்டிப் போங்கள். நிலாவெளியில் புறாத்தீவைச் சுற்றி ஆழம் குறைவு, மாணவரோடு புதியவர் எப்படி நடக்கிறார் என்று வடிவாகப் பார்க்கலாம். மட்டக்களப்புக்குப் போய் ஹெர்மிஸைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அன்றிரவு சாப்பாட்டுக் காசை நீங்கள் கொடுங்கள்.