மாதிரி இல்லாமல் சுவெட்டர்: பாதி நிட்டிங், பாதி குரோஷே

அச்சடித்த மாதிரி எதையும் பார்க்காமல், நிட்டிங்கும் (இரண்டு ஊசியில் பின்னுவது) குரோஷேயும் (ஒற்றைக் கொக்கியால் பின்னுவது) கலந்து சுவெட்டர் போடுவது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஹட்டன்: அக்கா, எனக்குக் குரோஷே நன்றாக வரும், நிட்டிங் சுமார்தான். முழுவதையும் குரோஷேயிலேயே போட்டால் என்ன?

போடலாம், தங்கச்சி. ஆனால் கனக்கும், நூலும் அதிகம் குடிக்கும். ஒரே நூலில் இரண்டிலும் ஒவ்வொரு சின்னத் துண்டு போட்டு இழுத்துப் பாருங்கள். நிட்டிங் துண்டு இழுபட்டுத் திரும்பி வரும், குரோஷே துண்டு அவ்வளவாக அசையாது. நான் இடம் பிரிப்பது இதை வைத்துத்தான். இடுப்பு, கை, மணிக்கட்டு, கழுத்துப் பட்டி எல்லாம் இழுபட வேண்டும், அங்கே நிட்டிங். தோளும் பொத்தான் பட்டியும் தொய்யக் கூடாது, அங்கே குரோஷே. கை இரண்டின் பாரமும் தோளில்தான் தொங்குகிறது. நிட்டிங் மட்டும் போட்ட சுவெட்டர் நாள்பட நாள்பட அகலமாகிக் கை நீண்டுபோவது அதனால்தான்.

தலவாக்கலை: மாதிரி இல்லாவிட்டால் எத்தனை கண்ணி போடுவது என்று எப்படித் தெரியும்?

சாம்பிள் துண்டு சொல்லும். அதற்குச் சோம்பல்பட்டால் பிறகு முழுச் சுவெட்டரையும் அவிழ்க்க வேண்டி வரும். நிட்டிங்கில் ஒன்று, குரோஷேயில் ஒன்று, 15 செ.மீ. சதுரத்தில் போடுங்கள். கழுவிக் காயவைத்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். ஓரத்தை எண்ண வேண்டாம், அது பொய் சொல்லும்.

உங்கள் நிட்டிங்கில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி, 24 வரிசை. குரோஷேயில் 14 தையல் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுச் சுற்றளவு 90 செ.மீ. உள்ளே இன்னொரு சட்டை போட இடம் வேண்டுமே, 10 கூட்டி 100 செ.மீ. ஆக்குங்கள். முன்னுக்கு 90, பின்னுக்கு 90, மொத்தம் 180 கண்ணி. இடுப்பில் ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) போட்டுத் தொடங்கி, அக்குள் வரை நிட்டிங். 38 செ.மீ. நீளம் வேண்டுமென்றால் 91 வரிசை.

அங்கிருந்து மேலே 18 செ.மீ. குரோஷே. 50 செ.மீ. அகலத்துக்கு 70 தையல் வரும். அதில் நடு 30 கழுத்துக்கு, பக்கத்துக்கு 20 தோளுக்கு. முன்பக்கத்தில் மட்டும் தோளுக்கு 8 செ.மீ. கீழேயே கழுத்தைப் பிரித்துவிடுங்கள். தோள்களை இணைத்த பிறகு கழுத்தைச் சுற்றிக் கண்ணி எடுத்து ரிப் போட்டால் தலை சுலபமாக நுழையும். கைக்கு வளைவு வெட்டும் வேலையே இல்லை, எல்லாம் நீள்சதுரம்.

பண்டாரவளை: குரோஷே தொடங்கும் இடம் எனக்குப் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக வருகிறது. ஏன்?

ஒரு கண்ணிக்கு ஒரு தையல் என்று போட்டிருப்பீர்கள். மேலே சொன்ன அளவில் 90 கண்ணி 70 தையலாக வேண்டும், அதாவது ஒன்பதுக்கு ஏழு. ஒவ்வொரு ஒன்பது கண்ணியிலும் இரண்டு இடத்தில் இரண்டிரண்டைச் சேர்த்து ஒரு தையலாக்குங்கள். இன்னொன்று, நிட்டிங்கை முடிச்சுப்போட்டு மூட வேண்டாம். ஊசியில் நிற்கும் கண்ணியை நேரே கொக்கியால் எடுத்துப் பின்னுங்கள். மூடிவிட்டு அதன்மேல் குரோஷே போட்டால் தடித்த ஒரு கோடு நெஞ்சுக்குக் குறுக்கே நிற்கும். எனக்கு அது பிடிக்காது.

ஹப்புத்தளை: கை?

அக்குளிலிருந்து தோள் ஏறி மறுபக்கம் இறங்கும் 36 செ.மீ. ஓரத்தில் 64 கண்ணி எடுங்கள். ஓரத்தை ஊக்குக் குத்தி நான்காகப் பிரித்து, பாகத்துக்கு 16 எடுத்தால் ஏற்றத்தாழ்வு வராது. மணிக்கட்டுக்கு உடம்புக் கண்ணியில் ஐந்தில் ஒரு பங்கு, இங்கே 36. இது எலிசபெத் சிமர்மன் என்ற நிட்டிங் ஆசிரியை சொல்லிக் கொடுத்த விகிதக் கணக்கு, எனக்கு இதுவரை ஏமாற்றம் தந்ததில்லை. 28 கண்ணி குறைய வேண்டும். ஓரத்துக்கு ஒன்றாக 14 முறை: ஆறு வரிசைக்கு ஒரு தடவையாக 12 முறை, பிறகு நான்கு வரிசைக்கு ஒரு தடவையாக 2 முறை. அப்புறம் 6 செ.மீ. ரிப். தோள் கீழே இறங்கி நிற்கும் என்பதால் கை நீளத்தைப் போட்டுப் பார்த்தே அளக்க வேண்டும்.

மஸ்கெலியா: நூல் விலைக்குக் கட்டாது. பழைய சுவெட்டரைப் பிரித்து எடுக்கலாமா?

தாராளமாக. நுவரெலியா பேல் பஜாரில் வாங்குவதானாலும் முதலில் உட்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். ஓரம் வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் வைத்துவிடுங்கள், வரிசைக்கு வரிசை துண்டு நூல்தான் மிஞ்சும். கண்ணியோடு கண்ணி கோத்துச் சேர்த்திருந்தால் கழுத்துப் பக்கத்திலிருந்து கடகடவென்று பிரியும். பிரித்ததைக் கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, அலசித் தொங்கவிட்டால் சுருள் தளரும்.

நுவரெலியா: மழை மாதத்தில் காயவே மாட்டேன் என்கிறது. அடுப்புக்கு மேல் கட்டலாமா?

வேண்டாம். அக்ரிலிக் என்றால் சூட்டில் பாழாகும், தொங்கினால் நீளும். துவாயில் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, பாயில் பரப்பிப் போடுங்கள்.

பொகவந்தலாவை: சிவனொளிபாத மலைக்குப் போட்டுப்போக எது வசதி, அக்கா?

முன்பக்கம் திறக்கிற மாதிரி போடுங்கள், தம்பி. ஏறும்போது வேர்க்கும், 2,243 மீட்டர் உச்சியில் விடியும் வரை காத்திருக்கும்போது நடுங்கும். மேலே சொன்ன அளவிலேயே, முன்பக்கத்தை 45, 45 ஆகப் பிரித்து, நடு ஓரத்தில் மும்மூன்று கண்ணியைக் குறைத்து 42 ஆகத் தொடங்குங்கள். அந்த இடத்தை 3.5 செ.மீ. குரோஷே பட்டி நிரப்பும். நிட்டிங் ஓரத்தில் ஐந்து வரிசைக்கு மூன்று தையல் எடுத்தால் பட்டி சுருங்காது, அலையவும் அலையாது. பொத்தானை முதலில் வாங்கிவிடுங்கள். அதன் அகலத்துக்கு இரண்டோ மூன்றோ சங்கிலி போட்டு, கீழே அத்தனை தையலை விட்டுத் தாண்டினால் துளை ரெடி.