கண்ட்ரோல்+ஸ்பேஸை விழுங்குவது யார்?

கேள்வி: லினக்ஸில் கோட் எழுத விஎஸ் கோட் என்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். பத்து நாளாக கண்ட்ரோல்+ஸ்பேஸ் தட்டினால், அடுத்து என்ன எழுதலாம் என்று காட்டும் பரிந்துரைப் பட்டியல் வருவதே இல்லை. எடிட்டரை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். எடிட்டரில் சேர்த்திருந்த கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்களில் பாதியைத் தூக்கிவிட்டேன். பலன் இல்லை. அலுவலகத்தில் இருக்கும் விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக வருகிறது. போதாக்குறைக்கு, கோட் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழுத்து தமிழில் விழுகிறது. அது தனிக்கதை, அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

பதில்: அடுத்த கடிதம் வேண்டாம், இரண்டும் ஒரே கதைதான். பத்து நாளைக்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிஐடிஎக்ஸ் (Fcitx) என்ற கருவியை நிறுவினீர்களா? நிறுவியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதில் மொழி மாற்றுவதற்கு முதலிலேயே வைத்திருக்கும் விசை கண்ட்ரோல்+ஸ்பேஸ். நீங்கள் பரிந்துரை கேட்டுத் தட்டுகிறீர்கள். அந்த விசை எடிட்டருக்குப் போகும் முன்பே எஃப்சிஐடிஎக்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு தமிழுக்கு மாறிவிடுகிறது. கடுப்பில் இன்னொரு முறை தட்டினால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். அதனால்தான் தமிழ் எழுத்து சில நேரம் மட்டும் விழுகிறது.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அடித்து, 'டெவலப்பர்: டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் டிரபிள்ஷூட்டிங்' என்ற கட்டளையை ஓட்டுங்கள். கீழே அவுட்புட் பகுதியில், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசைக்கும் வரிவரியாக விவரம் ஓடும். முதலில் கண்ட்ரோல்+எஸ் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள்: விசை வந்தது, இத்தனை விதிகளில் (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்று சொல்பவை) இந்தக் கட்டளையோடு பொருந்தியது என்று முடியும். அடுத்து கண்ட்ரோல்+ஸ்பேஸ். கண்ட்ரோலுக்கான வரி வரும். ஸ்பேஸுக்கு வராது, வந்தாலும் 229 என்ற விசை எண்ணோடு வரும். வேறு ஒரு தட்டச்சுக் கருவி அந்த விசையை எடுத்துக்கொண்டது என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் யாரும் எடிட்டரை மறுபடி நிறுவக் கூடாது என்பேன். நிறுவினாலும் உங்கள் அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் ஹோம் அடைவில் அப்படியேதான் கிடக்கும். திருடன் தெருவில் நிற்கிறான், நீங்கள் வீட்டை இடித்துக் கட்டியிருக்கிறீர்கள்.

சரிசெய்வது சுலபம். எஃப்சிஐடிஎக்ஸின் அமைப்புகளைத் திறந்து, பொது விருப்பங்களில் மொழி மாற்றும் விசைகள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். கண்ட்ரோல்+ஸ்பேஸை நீக்கிவிட்டு, உங்கள் டெஸ்க்டாப்பில் வேறு எதற்கும் பயன்படாத ஒரு சேர்க்கையைக் கொடுங்கள். மொழி மாற்ற அந்த விசைதான் கைக்குப் பழகிவிட்டது என்றால், அதை விட்டுவிட்டு எடிட்டர் பக்கம் மாற்றுங்கள். கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஸ் அடுத்தடுத்து அடித்தால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். அதில் 'டிரிகர் சஜெஸ்ட்' என்று தேடி வேறு விசை வையுங்கள். கண்ட்ரோல்+ஐ கூட இதே வேலைக்கு முதலிலிருந்தே இருக்கிறது. ஆனால் எடிட்டருக்குள் ஏஐ அரட்டை வசதி வைத்திருப்பவர்களுக்கு அது அந்தப் பக்கம் போய்விடும்.

ஒருவேளை விசை ஒழுங்காக வந்து சேர்ந்து, வேறொரு கட்டளையோடு பொருந்தியதாக வரி சொன்னால் என் ஊகம் தப்பு. அப்போது குற்றவாளி உள்ளேதான், பெரும்பாலும் ஏதாவது எக்ஸ்டென்ஷன். ஷார்ட்கட் பட்டியலில் 'டிரிகர் சஜெஸ்ட்' வரிமேல் வலது கிளிக் செய்து, இதே விசை உள்ளவற்றைக் காட்டச் சொல்லுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று 'சோர்ஸ்' பத்தியில் இருக்கும். விதிகளை விஎஸ் கோட் கீழிருந்து மேலாகப் படிக்கும், முதலில் பொருந்துவதே செல்லும். நீங்கள் எழுதும் விதி கடைசியில் சேர்வதால் எக்ஸ்டென்ஷனை அது வென்றுவிடும்.

வேலை முடிந்ததும் முதலில் சொன்ன டிரபிள்ஷூட்டிங் கட்டளையை இன்னொரு முறை ஓட்டி விவரப் பதிவை நிறுத்திவிடுங்கள். தூக்கிய எக்ஸ்டென்ஷன்களையும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், பாவம் அவை.