லோன் ஆப்கள் நம் தகவல்களை யாருக்கெல்லாம் கொடுக்கின்றன? காண்டாக்ட்ஸ் அனுமதி கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பண நெருக்கடியில் இருப்பீர்கள், 'அலவ்' என்று கேட்டதற்கெல்லாம் விரல் தானாகப் போகும், புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது எங்களைப் போன்றவர்களின் நம்பர்.

நான் எந்த ஆப்பிலும் கடன் வாங்கியதில்லை. போன வருடம் ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். "மாடி வீட்டு சாருங்களா? உங்க ஆளு தவணை கட்டல. நீங்கதான் ரெஃபரன்ஸ், நீங்க கட்டுங்க." என்னை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள் கீழ்வீட்டில் குடியிருப்பவர். கேட்டால், ரெஃபரன்ஸாக யார் பெயரையும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். நம்பினேன். விண்ணப்பத்தில் யாராவது 'மாடி வீட்டு சார்' என்று எழுதுவார்களா? அவர் போனில் என் நம்பர் இருப்பது அந்தப் பெயரில்தான், அப்படியே உருவியிருக்கிறார்கள். பிள்ளையின் டியூஷன் டீச்சருக்குக்கூட போன் போயிருக்கிறது.

"கடனைக் கட்டாதவருக்கு வக்காலத்தா?" என்று கமெண்டில் வராதீர்கள். கட்ட வேண்டியது அவர்தான். எனக்கே அவர்மேல் கடுப்பு உண்டு. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். டேங்க் வழிந்து படியெல்லாம் ஓடும், கரண்ட் பில் என் தலையில். கேட்டால் "மறந்துட்டேன் சார்" என்பார். சரி, அது வேறு கதை.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது: கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல்கள் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு தடவை, அதுவும் உங்கள் சம்மதத்தோடு. அந்தச் சம்மதத்தைப் பின்னால் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கவும் சொல்லலாம். ஆப் வழியாக வேறு யார் யார் தகவல் எடுக்கிறார்கள் என்பதும் பிரைவசி பாலிசியில் இருக்க வேண்டும். ஆகவே காண்டாக்ட்ஸ் கேட்கிறது என்றாலே அந்த ஆப் வேண்டாம்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிவு வைக்கும் நான்கு நிறுவனங்களுக்கும் உங்கள் கடன் விவரம் போவதைத் தடுக்க முடியாது; கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005 சட்டமே அதற்கு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒருமுறை இலவச ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள், வாங்காத கடன் இருந்தால் தெரியும்.

அப்புறம், கடன் கொடுப்பது எந்த வங்கி, எந்த என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) என்று முதலில் தேடுங்கள். பெயர் இருந்தால் அங்கே புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கீழ்வீட்டுக்காரரின் ஆப்பில் அப்படி ஒரு பெயரே இல்லை. கடைசியில் சைபர் கிரைம் ஹெல்ப்லைனான 1930க்குத்தான் போன் செய்தோம்.