கட்டை விரல் வலிக்கிறது, கடன் வாங்கி மசாஜ் சென்டர் தொடங்கலாமா?

கேள்வி: என் வயது 32. கோவையில் ஓர் ஆயுர்வேத மையத்தில் 8 வருடமாக மசாஜ் தெரபிஸ்டாக இருக்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய், டிப்ஸ் 4,000 வரும். டியூட்டிக்கு முன், விடிகாலையில் ஒரு வீட்டுக்குப் போய், பிரசவமான பெண்ணுக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கிறேன். நாளுக்கு 500 என்று மாதம் 12,000 கிடைக்கிறது. கணவர் டிரைவர், மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டுச் செலவு 28,000. சேமிப்பு 1.8 லட்சம், நகை 7 பவுன். கூட வேலை பார்க்கும் தோழி, இருவரும் சேர்ந்து 6 லட்சம் கடன் வாங்கி வடவள்ளியில் சென்டர் போடலாம் என்கிறாள். வாடகை 22,000, அட்வான்ஸ் 10 மாதம். எனக்கும் ஆசைதான். ஆனால் சில மாதமாகக் காலையில் எழுந்தால் கட்டை விரல் மடங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும்?
- கோவை வாசகி

பதில்: சகோதரி, கடைசி வரியில் நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் முதலீடு அந்த 1.8 லட்சம் அல்ல, அந்த விரல்தான்.

என் மகளுக்குப் பிரசவமானபோது ஓர் அக்கா வருவார். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவார். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டுக்கொள்வார். இரண்டு கட்டை விரலிலும் துணி பிளாஸ்திரி சுற்றியிருக்கும். பக்கத்து வீட்டுக்கும் வரச் சொல்லிக் கேட்டோம். "மூணு வீட்டுக்கு மேல ஒத்துக்க மாட்டேங்க, கை நாளைக்கும் வேணும்ல" என்றார். இந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

இப்போது சென்டர் கணக்குக்கு வருவோம். 6 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 13,350. வாடகை 22,000. போன் எடுக்கவும் இடத்தைச் சுத்தம் செய்யவும் ஓர் ஆள் வைத்தால் 12,000. மின்சாரம், துண்டு, விரிப்பு சலவைக்கு 6,000. ஆக 53,350. ஒரு மசாஜுக்கு 1,200 வாங்கி, எண்ணெய்க்கு 200 போனால் நிற்பது 1,000. மாதத்தில் 54 பேர் வந்து போகும்வரை உங்கள் இருவருக்கும் ஒரு பைசா கிடையாது. சம்பளமும் டிப்ஸுமாக இப்போது வாங்கும் 22,000 ஒவ்வொருவருக்கும் கிடைக்க, இன்னும் 44 பேர் வேண்டும். மொத்தம் 98. மாதம் 26 நாள் திறந்தாலும் நாளுக்கு நாலு பேர், அதுவும் முதல் மாதத்திலிருந்தே. புதுக் கடைக்கு அப்படிக் கூட்டம் வராது, தவணை மட்டும் தவறாமல் வரும். அப்புறம் அந்த அட்வான்ஸ்: 2.2 லட்சம் கட்டட உரிமையாளரிடம் சும்மா கிடக்கும், அதற்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கடன் இப்போது வேண்டாம். நகையையும் அடகு வைக்காதீர்கள்.

ஆனால் சொந்தத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்களே, காலையில் போகிற அந்த வீடுதான் அது. வாடகை இல்லை, பெரும்பாலும் எண்ணெய்கூட அவர்களுடையது. காலையில் மூன்று வீடு, மதியம் பெண்களுக்கு மட்டும் 1,000 ரூபாயில் ஒரு மசாஜ் என்று வைத்தால் நாளுக்கு 2,500. 25 நாளைக்கு 62,500. பிரசவங்கள் நம் வசதிக்கு வரிசையில் வராது என்பதால் 60 சதவீதம்தான் கிடைக்கும் என்று பிடியுங்கள், 37,500. பெட்ரோல், இதர செலவு 3,500 போக 34,000. இப்போது விடிகாலை வேலையும் எட்டு மணி நேர டியூட்டியும் சேர்ந்து தருவதும் இதே 34,000தான்! கைக்கு ஓய்வு மிச்சம். 40 நாள் என்று மொத்தமாகப் பேசி, பாதிப் பணத்தை முன்பே வாங்குங்கள். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடச் சொல்லும் பாட்டிகள் இருப்பார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் பிள்ளைக்கு ஆபத்து.

இதற்காக நாளைக்கே வேலையை விட்டுவிடாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா? 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு அது உண்டு, 18,000க்கு உங்கள் பங்கு 135 ரூபாய்தான். பிடித்தால் இந்த வாரமே டிஸ்பென்சரியில் விரலைக் காட்டி, தேவைப்பட்டால் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதி வாங்குங்கள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால், போதிய நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தனியாளாக வெளியே வந்தபின் இந்தச் சலுகைக்கு எங்கே போவீர்கள்? விபத்துக் காப்பீடுகூடத் தேய்மானத்தால் வரும் விரல் வலிக்குப் பணம் தராது. இருந்தாலும் வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சம் வரை கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தை வங்கியில் போட்டு வையுங்கள், நீங்கள் வண்டியில் அலைபவர்.

பிஎஃப் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 வருடம் நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கு 8 ஆகிவிட்டது. முன்பே விலக நேர்ந்தால் ஓய்வூதியப் பணத்தை எடுக்காமல், வேலை செய்த வருடங்களைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்குங்கள், பின்னால் வேறு வேலையில் சேர்ந்தால் இந்த வருடங்களும் கணக்கில் சேரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், விலகும்போது தரும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் உங்கள் உரிமை. 18,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால், 8 வருடத்துக்குச் சுமார் 83,000 வரும். பலர் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. அந்த எட்டு வருடமும் கை நோக நின்றது நீங்கள்.

எப்போது விலகலாம்? வீடுகளுக்குப் போய்ச் செய்யும் இந்த மசாஜ் வேலையில் மட்டும் தொடர்ந்து ஆறு மாதம் 20,000க்குக் குறையாமல் வந்தபின். இஎஸ்ஐ போய்விடும் என்பதால் விலகும் முன்பே குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. கையிலுள்ள 1.8 லட்சம் ஆறு மாத வீட்டுச் செலவு, அதைத் தொடாதீர்கள்.

விலகியபின் ஒவ்வொரு வேலைக்கும் 50 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 60 வேலை என்றால் 3,000. அதை பிபிஎஃப் என்ற அரசுச் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 7.1 சதவீத வட்டி நீடித்தால், 15 வருடத்தில் 9 லட்சத்துக்கு மேல் சேரும். அப்போது உங்களுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. விரல் ஓய்வு கேட்கும், நீங்கள் இரண்டு பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து அனுப்புபவராக மாறலாம். சென்டர் ஆசைக்கும் அந்தப் பணம் இருக்கும்.

தோழியிடம் இந்த 98 கணக்கைக் காட்டுங்கள். காலை வீடுகளை அவரோடு பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். உங்கள் விரலுக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் அந்த வீடுகளுக்குப் போக நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும்.