தட்டில் செத்த செல் உடம்பில் சாகுமா? – மருத்துவக் கேள்வி பதில்

கே: கஞ்சாச் செடியில் இருக்கும் கன்னாபிடியால், அழற்சியில் செல் சாவைத் தடுக்குமாம், புற்றுநோயில் செல்லைக் கொல்லுமாம். ஒரே பொருள் இரண்டையும் எப்படிச் செய்யும்?

ப: சாவிலேயே பல தினுசு உண்டு. அழற்சியில் தொல்லை கொடுப்பது பைரோப்டோசிஸ். என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக்கூட்டம் காஸ்பேஸ்-1 நொதியை முடுக்கிவிடும். அது காஸ்டெர்மின்-டி புரதத்தை வெட்ட, வெட்டுப்பட்ட துண்டுகள் செல்சவ்வில் ஓட்டை போடும். செல் ஊதி வெடித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா வெளியே கொட்டி, அக்கம்பக்கமும் பற்றிக்கொள்ளும். இந்தத் தொடரின் முதல் கண்ணியையே கன்னாபிடியால் மந்தப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

புற்றுச்செல்லில் நடப்பது வேறு. செல்லைச் சிதைக்கும் வினைத்திறன்மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசிந்து, காஸ்பேஸ்-9, பிறகு காஸ்பேஸ்-3 நொதிகள் விழித்துக்கொள்ளும். செல் வெடிக்காது, சுருங்கித் துண்டுதுண்டாகும். இதுதான் அப்போப்டோசிஸ். ‘புற்றை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்லும்’ என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. அளவு ஏறினால் நோயெதிர்ப்புச் செல்களும் சாகும்.

கே: அப்படியானால் எண்ணெயாகக் குடித்தால் கட்டி கரையுமா?

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்லப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவு அலகு) பக்கம் ஊற்றுகிறார்கள். கன்னாபிடியாலின் மூலக்கூறு எடை 314. ஆக, மில்லிலிட்டருக்குச் சுமார் 3,100 நானோகிராம். வாய்வழியாக ஒரே வேளையில் 1,500 மில்லிகிராம் கொடுத்தாலும் ரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் பக்கம்தான். பத்தில் ஒரு பங்கு! கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் சில மடங்கு ஏறும். அதில் பெரும்பகுதியும் ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கிடக்கும். 2018-இல் அமெரிக்காவில் இது மருந்தாக அனுமதி பெற்றது அரிய வகை வலிப்புகளுக்கு, புற்றுநோய்க்கு அல்ல. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுப்பது) சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் எகிறும். மருத்துவருக்குத் தெரியாமல் தொடாதீர்கள்.

கே: எங்கள் ஆய்வகத்தில் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) குறைந்த வளர்ப்பு ஊடகத்தில் கன்னாபிடியால் ஊற்றினால் செல்கள் சாகின்றன; 10% சீரம் சேர்த்தால் பிழைத்துக்கொள்கின்றன. மருந்து கெட்டுவிட்டதா?

ப: மருந்தில் கோளாறில்லை. சீரத்திலுள்ள ஆல்புமின் புரதம் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரண்டு சீரம் அளவிலும் தனித்தனியே அளவு-விளைவுக் கோடு வரையுங்கள். நிறமாற்றத்தை வைத்துச் செல்களை அளக்கும் எம்.டி.டி. சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அது வளர்சிதைமாற்றத்தைத்தான் காட்டும், சாவை அல்ல. சாகத் தொடங்கிய செல்லில் ஒட்டும் அனெக்சின்-வி சாயமிட்டுப் பாருங்கள். காஸ்பேஸ் தடுப்பானை முன்கூட்டியே சேர்த்தும் செல்கள் செத்தால், அது அப்போப்டோசிஸ் மட்டுமல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாமல் கரைப்பானை மட்டும் ஊற்றிய ஒரு குழி தட்டில் கட்டாயம் இருக்கட்டும்.