மூக்கில் வைத்த சிலிக்கானை எப்போது எடுப்பது? வாசகர் கேள்விகளுக்கு அறுவை நிபுணரின் பதில்கள்

கேள்வி: மூக்குத் தண்டை உயர்த்த சிலிக்கான் வைத்து 3 வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக நுனி சிவந்து பளபளவென்று இருக்கிறது. வலி இல்லை. க்ரீம் ஏதாவது போடலாமா?

பதில்: க்ரீம் வேண்டாம். இந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். சிலிக்கான் உள்ளிருந்து தள்ளத் தள்ளத் தோல் மெலிவது பல சமயம் வலிக்காமலேதான் நடக்கும். முதலில் சிவப்பு, அப்புறம் பளபளப்பு, கடைசியில் நுனியில் பரு போல ஒரு வெள்ளைப் புள்ளி. அது பரு அல்ல. காகிதமாக மெலிந்த தோலுக்கு அடியில் சிலிக்கானே தெரிகிறது. அதைக் கிள்ளிவிட்டு ஓட்டையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘எல்’ வடிவ இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்; அது மடங்கும் இடம் நேராக மூக்கு நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவப்பைக் குறைக்க ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசினால் தோல் இன்னும் மெலியும்.

தோல் முழுசாக இருக்கும்போது எடுத்தால், பெரும்பாலும் நாசித் துவாரத்துக்குள் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். வெளியே தழும்பு தெரியாது. கிழிந்த பிறகு எடுத்தால் வடு முகத்தின் நடுவில் நிற்கும். நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதுதான்: சிலிக்கானைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தோலைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: மூக்கில் வீக்கம், லேசாகச் சீழ். இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. மூன்றாவது கோர்ஸ் எடுக்கலாமா?

பதில்: மாத்திரை மட்டும் போதாது, இம்ப்ளான்ட் வெளியே வர வேண்டும். காரணம் எளிது. மருந்து ரத்தத்தில் ஏறிப் போகிறது. சிலிக்கானுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன் மேல் வழவழப்பான ஒரு படலம் கட்டி, அதற்குள் பத்திரமாக உட்கார்ந்துகொள்கின்றன. அப்படி எடுத்த துண்டைத் தட்டில் வைத்தால் பாசி பிடித்த கூழாங்கல் மாதிரி விரலுக்கு வழுக்கும். அதைப் பார்த்த பிறகு யாரும் மூன்றாவது கோர்ஸைப் பற்றிக் கேட்டதில்லை.

சீழைப் பிதுக்க வேண்டாம். மூக்கைச் சுற்றியுள்ள சிரைகள் மூளையின் அடிப்பக்கத்துச் சிரைகளோடு தொடர்புள்ளவை. காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: எடுத்துவிட்டால் மூக்கு உள்ளே அமுங்கிவிடுமா?

பதில்: இந்தப் பயத்திலேயே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தண்டில் வைத்த சிலிக்கான் தூண் அல்ல, கூரைமேல் போட்ட ஓடு. கூரையைத் தாங்குவது உங்கள் சொந்த எலும்பும் குருத்தெலும்பும்தான். வெறும் இம்ப்ளான்ட் மட்டும் வைத்திருந்தால் மூக்கு ஏறக்குறைய பழைய உருவத்துக்குப் போகும். அதே ஆபரேஷனில் எலும்பைச் செதுக்கியிருந்தாலோ, இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்திருந்தாலோ பழைய மூக்கு அப்படியே திரும்பாது. வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். முழு உருவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை தினமும் கண்ணாடி முன் நின்று அளக்காதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. கிருமித் தொற்றை நீட்டிக்கொண்டே போனால் உள்ளே தழும்புத் திசு சுருங்கும். நுனி மேல்நோக்கி இழுபட்டு மூக்கு குட்டையாகும், எதிரே நிற்பவருக்கு நாசித் துவாரம் முழுக்கத் தெரியும். அதைச் சரிசெய்வது, இம்ப்ளான்டை எடுப்பதைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

கேள்வி: எடுக்கும்போதே புதிதாக ஒன்றை வைத்துவிடலாமா?

பதில்: சீழ் இருந்தால் இன்னொரு செயற்கைப் பொருள் கூடவே கூடாது. வழக்கமாக எடுத்து, கழுவி, ஆற விட்டு, தழும்பு இளகும்வரை 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் காத்திருப்போம். தொற்று இல்லாமல் வளைந்ததற்காகவோ உயரம் பிடிக்காததற்காகவோ எடுக்கிறோம் என்றால், அதே மேசையில் உங்கள் சொந்தக் குருத்தெலும்பை வைக்க முடியும். தொற்று மிக லேசாக இருக்கும்போதும் சில நிபுணர்கள் அப்படிச் செய்வதுண்டு. நான் காத்திருக்கும் பக்கம்.

காது, இடைச்சுவர், விலா எலும்பின் குருத்து, மூன்று இடத்திலிருந்தும் எடுக்கலாம். விலாவில் நிறையக் கிடைக்கும், ஆனால் நெஞ்சில் தழும்பு விழும், வைத்த துண்டு நாளடைவில் வளையவும் கூடும். அபூர்வமாக, எடுக்கும்போது நுரையீரல் உறையில் காயம் படலாம். இவற்றைச் சொல்லாமல் தேதி குறிக்கும் டாக்டரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். புகை பிடிப்பவர் என்றால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

கேள்வி: எனக்கு வைத்தது சிலிக்கான் அல்ல, மெட்போர் என்கிற ஒருவகை பிளாஸ்டிக். எடுப்பது கஷ்டம் என்கிறார்களே?

பதில்: ஆமாம். சிலிக்கான் வழவழப்பானது. உடல் அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டிவிடும், உறையிலிருந்து கத்தியை உருவுவது போல வந்துவிடும், பல சமயம் மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். மெட்போரில் நுண்துளைகள் உண்டு, அவற்றுக்குள் உங்கள் திசு வளர்ந்து பின்னிக்கொள்ளும். மேல்தோல் கிழியாமல் பிரித்தெடுக்கப் பழகிய கை வேண்டும்.

கேள்வி: 12 வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. காலாவதி ஆகிவிடும் என்று எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. பல வருடம் கழித்தும் தொற்று வரலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிறம் மாறினால், அசைந்தால், ஒரு பக்கம் சாய்ந்தால் வாருங்கள்.

கேள்வி: ஆசைப்பட்டுச் செய்தேன், இப்போது கெட்டுவிட்டது. செய்த டாக்டரிடமே திரும்பிப் போகக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலும் சொல்லவில்லை.

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அம்மா. உடல் ஒரு வெளிப்பொருளை ஏற்காமல் போவது யாருக்கும் நடக்கலாம். வேறு டாக்டரிடம் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் அன்று கூட வர ஆள் வேண்டும். பழைய இடத்திலிருந்து ஆபரேஷன் குறிப்பை மட்டும் கேட்டு வாங்குங்கள்: என்ன பொருள், என்ன அளவு, எந்த வழியாக வைத்தார்கள், எலும்பைத் தொட்டார்களா. முன்பு எடுத்த பக்கவாட்டுப் புகைப்படம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். குறிப்பு கிடைக்கவில்லை என்பதற்காக நாளைக் கடத்த வேண்டாம். ஸ்கேனில் ஓரளவு தெரிந்துவிடும், மீதியை மேசையில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.