பட்டறை பதில்கள்: அறுபதடி ரோபோவும் ஆவடி டாங்கியும்

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது, ரிட்டையர் ஆன பிறகு பேத்தியோடு உட்கார்ந்து ஜப்பானிய ரோபோ அனிமே (கார்ட்டூன் படங்கள்) பார்ப்பதாகவும், அதில் நல்ல யதார்த்தம் இருப்பதாகவும் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மோட்டார் காயில், கியர்பாக்ஸ் சத்தம் என்று வழக்கமாக வரும் கடிதங்களை மீறிக்கொண்டு இந்த முறை ரோபோ கேள்விகளாகவே வந்து குவிந்திருக்கின்றன. சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடுவோம்.

பெரும்பாலோர் கேட்டிருப்பது ‘மொபைல் சூட் கன்டம்: 08ஆவது எம்.எஸ். டீம்’ பற்றி. பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி: 1996 முதல் 1999 வரை வீடியோவாக வெளிவந்தது, மொத்தம் 12 பகுதிகள். ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சத ரோபோதான் மொபைல் சூட், சுருக்கமாக எம்.எஸ்.; கன்டம் அதில் ஒரு ரகம். பூமிக் கூட்டாட்சிக்கும் விண்வெளிக் குடியேற்றத்தின் ஜியான் அரசுக்கும் போர். தென்கிழக்கு ஆசியக் காட்டில் அல்லாடும் ஒரு சின்ன ரோபோப் படைக்கு ஷிரோ அமாடா என்ற இளைஞன் தலைவன். எதிரி முகாமின் டெஸ்ட் பைலட் அய்னா சஹாலின் மேல் அவனுக்குக் காதல்.

கே: ஆவடியில் டாங்கி ஓவர்ஹால் செய்தவர் நீங்கள். ஆறு மாடி உயர ரோபோக்கள் அடித்துக்கொள்வதை ‘யதார்த்தம்’ என்று எப்படி சார் மனசாட்சியோடு எழுதுகிறீர்கள்?
- கல்லூரி மாணவர், அம்பத்தூர்

ப: ரோபோ யதார்த்தம் என்று நான் எங்கே தம்பி எழுதினேன்? ரோபோ சுத்தப் பொய். அதை முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன்.

1979இல் வந்த முதல் கன்டத்தின் உயரம் 18 மீட்டர், அதாவது 59 அடி. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் 177 அடியைத் தொட்டுவிடும். எடையோ, கதைப்படி, காலியாக 43.4 டன், ஆயுதம் எல்லாம் ஏற்றி 60 டன். நாங்கள் கழற்றி மாட்டிய டி-72 டாங்கி 41 டன் சொச்சம். அதன் உயரம் ஏழேகால் அடி. ஏழடி டாங்கியின் எடையில் அறுபதடி ஆள் நிற்கிறான் என்றால் அவனைத் தெர்மாகோலில்தான் செய்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் 1/144 மாடல் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அது 100 கிராம் என்று வையுங்கள். 144 மடங்கு பெரிதாக்கினால் எடை 144ஐ மூன்று முறை பெருக்கிய அளவுக்கு ஏறும். வெறும் பிளாஸ்டிக்கே 300 டன்னை நெருங்கிவிடுகிறது! முழங்கால் பின்னின் குறுக்குவெட்டுப் பரப்போ 144ஐ இரண்டு முறை பெருக்கிய அளவுக்குத்தான் கூடும். அப்படியென்றால் அந்தப் பின் முன்பைவிட 144 மடங்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும்.

கதை சொல்லும் 60 டன்னையே ஒப்புக்கொண்டாலும் பாதம் பிரச்சினை. மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் என்று தாராளமாகவே கொடுக்கிறேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போகிறது. டாங்கியில் அது ஒரு கிலோவுக்கும் கீழே. அதற்காகத்தான் அவ்வளவு அகலமான செயின். அந்த டாங்கியே சேற்றில் மாட்டுவது உண்டு. ஓடுகிற ரோபோ, பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு எட்டு வைத்தால் முழங்கால் வரை போய்விடும், கிரேன்காரனைத்தான் கூப்பிட வேண்டும்.

உயரமே போரில் ஒரு குற்றம். டி-72இல் பீரங்கிக்குள் குண்டு ஏற்றுகிற ஆளையே எடுத்துவிட்டு, இயந்திரமே ஏற்றும்படி செய்து மூன்று பேரை உள்ளே அடைத்ததற்கு ஒரு காரணம், டாங்கியின் தலையைத் தாழ்த்துவது. முதலில் கண்ணில் படுகிறவன்தான் முதலில் சாகிறான்.

அப்புறம் எது நிஜம்? ரோபோவைச் சுற்றி இருக்கிற மற்ற எல்லாம். கன்டம் கதைகளில் மினோவ்ஸ்கி துகள் என்று ஒரு கற்பனைச் சரக்கு உண்டு. அதைத் தூவிவிட்டால் ரேடாரும் வயர்லெஸ்ஸும் படுத்துவிடும். அதனால் கண்ணால் பார்த்துக் கிட்டப்போய்த்தான் சண்டை. இந்த ஒரு பொய்யை மட்டும் விழுங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கணக்காக நடந்துகொள்கிறார்கள்.

08இல் இந்தப் பையன்கள் ஓட்டும் கன்டங்கள் புத்தம்புதுச் சரக்கு இல்லை. முதல் கன்டத்துக்காகச் செய்து, தரப் பரிசோதனையில் கழித்துப்போட்ட உதிரிகளை வைத்து ஒட்டுப்போட்டவை. ரிஜெக்ட் பார்ட்! இதைப் படித்ததும் எனக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. ஷிரோவின் படையில் இருக்கும் கேரன் ஜோஷுவா என்ற பெண்ணின் கன்டத்துக்குத் தலை போய்விடுகிறது. ஸ்டோரில் கன்டம் தலை இல்லை. ஜிம் என்ற மட்டமான ரோபோ ரகத்தின் தலையை எடுத்து மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். அவளும் அதிலேயே கடைசிவரை சண்டை போடுகிறாள். ஷிரோவின் வண்டி நொறுங்கியதும், அகப்பட்ட துண்டுகளை வைத்தே மறுபடி கட்டி ‘ஈஇசட்-8’ என்று பெயர் வைக்கிறார்கள். 180 மில்லிமீட்டர் பீரங்கியை முதுகுப்பெட்டியில் துண்டு துண்டாகச் சுமந்து போய், இடத்தில் வைத்துப் பூட்டி, கேடயத்தை மண்ணில் ஊன்றி அதன்மேல் குழாயைச் சாய்த்துச் சுடுகிறார்கள். இதை எழுதியவர்கள் ஸ்பேனர் பிடித்தவர்களோ இல்லையோ, பிடித்தவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே: எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை ‘டீம்வொர்க்’ என்று ரிசார்ட்டுக்கு அழைத்துப் போய்க் கயிறு இழுக்க வைக்கிறார்கள். 08 டீமில் உண்மையான ஹீரோ யார்?
- மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: எலெடோர். சந்தேகமே வேண்டாம்.

மூன்று பெரிய ரோபோக்களுக்கு நடுவே ஒரு ஹோவர் ட்ரக் (தரைக்குமேல் மிதந்து ஓடும் வண்டி) ஓடுமே, அதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். சண்டை முடிந்தால் பாட்டுக்காரனாகப் போக வேண்டும் என்று கனவு. பக்கத்தில் மிஷேல் என்ற பொடியன், காதலிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பான். ரேடார் இல்லாத போரில் எதிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை நிறுத்தி, நிலத்தில் உணர்கருவியை இறக்கி, மண் வழியாக வரும் காலடிச் சத்தத்தைக் கேட்கிறான். எத்தனை பேர், எந்தத் திசை, எவ்வளவு தூரம். அவன் கேட்க வேண்டுமென்றால் நம்மாட்கள் நடக்கக் கூடாது. அறுபதடி ஆயுதங்கள் மூன்றும் இந்தப் பாட்டுக்காரப் பையனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. டீம் என்றால் அங்கே எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஓவர்ஹால் முடிந்து 780 குதிரைத்திறன் டீசல் என்ஜினை ஓடவிட்டதும், நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை கேசிங்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். இடது கையைத் தூக்கினார் என்றால் பக்கத்து மேடையில் சுத்தியல் நிற்கும், கிரேன் நிற்கும், ஆபீசர் பேச்சும் நிற்கும். பன்னிரண்டு சிலிண்டரில் எது மக்கர் செய்கிறது என்று விரலால் காட்டுவார். கை இறங்கும்வரை யாரும் அசையமாட்டார்கள். பதவியில் அவர் எங்கள் எல்லோருக்கும் கீழே.

ஷிரோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன், மோசமான ஆபீசர். எல்லோரும் உயிரோடு திரும்ப வேண்டும் என்பான், சொல்லிவிட்டு முதல் ஆளாக ஓடுவான். அவன் விட்ட ஓட்டையை அடைப்பது கேரனும், மூன்றாவது ரோபோவை ஓட்டும் சாண்டர்ஸும்தான். ஆனால் ஒன்று. சாண்டர்ஸுக்கு ராசியில்லாதவன் என்று பெயர். அவன் சேர்ந்த படையெல்லாம் மூன்றாவது சண்டையில் செத்துப்போகும் என்று பேச்சு. அப்படிப்பட்டவனை ஒதுக்காமல் தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொண்டவன் ஷிரோ. அந்த வகையில் மார்க் போடத்தான் வேண்டும்.

கே: என் மகள் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு அழுகிறாள். இரண்டு மூன்று தடவை பார்த்ததற்கே உயிரைக் கொடுக்கிற காதலா? நம் சினிமாவையே தேவலாம் என்று சொல்லவைக்கிறதே ஐயா!
- இல்லத்தரசி, பெரம்பூர்

ப: அம்மா, அவசரக் காதல்தான், ஒத்துக்கொள்கிறேன். விண்வெளியில் சண்டை போட்டு இருவர் வண்டியும் உடைந்து, பிழைப்பதற்காக ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டிய ஒரு சந்திப்பு. அப்புறம் பனிமலையில் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி. அங்கே அந்தப் பையன் ரோபோவின் பீம் வாளை (சுடுகதிரால் ஆன வாள்) பனியில் சொருகி உருக்கி வெந்நீர்க்குளம் உண்டாக்குகிறான்! எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பிடித்தது. கொல்வதற்கென்றே செய்த கருவியை வெந்நீர் போட எடுக்கிறான் பாருங்கள்.

இதைவிடப் பொறுமையாகக் காதலைச் சொன்ன தொடர் வேண்டுமென்றால் 1982இல் வந்த ‘மேக்ராஸ்’. பாடகி மின்மே ஒரு பக்கம், மேலதிகாரி மிசா ஒரு பக்கம், நடுவில் பைலட் ஹிகாரு. 36 பகுதி முழுக்க இழுபறி. அங்கே எதிரிப்படை பாட்டைக் கேட்டே கலங்கிப்போகும்.

ஆனால் 08இல் காதலுக்கு விலை இருக்கிறது, அதனால்தான் உங்கள் மகள் அழுகிறாள் என்று நினைக்கிறேன். ஷிரோ பிறந்த குடியிருப்பையே ஜியான்காரர்கள் விஷவாயு வைத்துக் கொன்றவர்கள். அந்தப் பக்கத்துப் பெண்ணைத்தான் இவன் விரும்புகிறான். விஷயம் வெளியே வந்ததும் உளவாளி என்று சந்தேகம். சந்தேகம் அவனோடு நின்றால் பரவாயில்லை, கூட இருப்பவர்கள் தலையிலும் விழுகிறது. அவர்கள் யாரும் காதலிக்கவில்லை, ஆனால் அவர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் படங்களில் ஹீரோவின் காதலுக்காக நண்பன் அடிவாங்குவான், நாம் சிரிப்போம். இங்கே சிரிக்க விடவில்லை.

என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் பெரிய காதல் அந்த ஜோடியுடையதே இல்லை. நோரிஸ் பேக்கார்ட். அய்னாவின் குடும்பத்தைக் காத்து நிற்கும் மூத்த வீரர். பத்தாவது பகுதியில் ஒற்றை ஆளாக வருகிறார். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விண்கப்பல் கிளம்ப வேண்டும். அதைச் சுடக்கூடிய மூன்று கன்டேங்க் பீரங்கி வண்டிகளை ஒழிப்பது அவர் வேலை. காவலுக்கு 08 டீம் முழுக்க நிற்கிறது. சண்டை நடுவே, அய்னாவோடு வாழ்ந்தே தீருவேன் என்று ஷிரோ கத்துகிறான். எதிரே நிற்பவர் அந்தப் பெண்ணைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்! மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி, ஆனால் கை வேலையை விடவில்லை. தன் உயிர் போகிற அதே கணத்தில் மூன்றாவது வண்டியையும் உடைத்துவிடுகிறார். 08 டீம் அவரைக் கொல்கிறது, ஆனாலும் ஜெயித்தது அவர். அந்தக் கப்பல் என்ன ஆனது என்பதை அடுத்த பகுதியில் உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அங்கே உங்களுக்கும் கைக்குட்டை தேவைப்படும்.

கே: எல்லாம் பொம்மை விற்கும் தந்திரம்தானே?
- ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மேற்கு மாம்பலம்

ப: ஆமாம். ஆனால் அந்தத் தந்திரம் முதலில் பலிக்கவில்லை. 1979 தொடருக்குப் பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்குச் சரக்கு போகவில்லை; 52 பகுதி என்று திட்டமிட்டதை 43இல் முடித்துவிட்டார்கள். 1980 ஜூலையில் பண்டாய் என்ற வேறொரு கம்பெனி 300 யென்னுக்கு ஒட்டிச் செய்யும் மாடலை இறக்கிய பிறகுதான் பிய்த்துக்கொண்டு போனது. சோகக் கதையை வாங்க ஆள் இருந்தது, ரெடிமேட் பொம்மையைத்தான் யாரும் வாங்கவில்லை.

கே: இதைவிட ‘மெக்கானிக்’தனமான ரோபோ அனிமே உண்டா?
- பாலிடெக்னிக் மாணவி, தரமணி

ப: ‘வோட்டம்ஸ்’, 1983. ரோபோ வெறும் நான்கு மீட்டர் உயரம். உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததில் ஏறிவிடுவார்கள். அப்புறம் ‘பேட்லேபர்’, டோக்கியோ போலீஸ் ரோபோக்கள். அதில் பைலட்டைவிட மெயின்டனன்ஸ் ஷெட் தலைவர் கத்துவதுதான் எனக்குச் சொந்த ஊர்ப் பேச்சு.

கே: பேத்திக்கு மாடல் வாங்கிக் கொடுத்தீர்களா? என் பையனும் கேட்கிறான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து துண்டுகளை நகவெட்டியால் வெட்டலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

ப: வெட்டலாம், ஆனால் பிளாஸ்டிக் நெரிந்து வெள்ளைத் தழும்பு விழும். ஒரு பக்கம் தட்டையான நிப்பர் (சின்ன வெட்டுக் குறடு) வாங்குங்கள். முதல் வெட்டைக் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாம் வெட்டில் எடுத்து, 600 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இப்போது வரும் மாடலுக்குப் பசை வேண்டாம், அழுத்தினாலே பொருந்தும். மேலே மேட் ஸ்ப்ரே (பளபளப்பை மங்கவைக்கும் பூச்சு) அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் படலம் பால் கொட்டியது போல வெளுத்துவிடும். பங்குனி வெயில் வரட்டும், மத்தியானமாக மொட்டை மாடிக்குப் போங்கள். முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.